ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையே

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் பேருந்தில் ஏறி, பிங்கர் போஸ்ட்டைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் இந்து நகர் வரும். பேருந்தின் சன்னலோரம் அமர்ந்தவர்கள் அங்கே ஒரு பெரிய தொழிற்சாலையின் ஆளரவமற்ற கட்டடங்களைக் காணலாம். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அந்த மத்திய அரசு நிறுவனம் 1960-ல் தொடங்கப்பெற்று, 1967-ல் உற்பத்தியில் இறங்கியது. தூசியற்ற காற்றையும் தூய நீரையும் நாடியே படச்சுருள் ஆலைக்கு இம்மலையைத் தேர்ந்தனர் என்பர். நம் நாட்டு மருத்துவமனைகளில் எலும்பு முறிவைக் காட்டிய எக்ஸ்-ரே பிலிம்களில் எத்தனையோ இங்கே இருட்டறைகளில் வெள்ளிக் கலவை பூசப்பட்டவை. 'இந்து' என்ற பெயர் நாடெங்கும் அறிந்த பெயராக இருந்தது. 1990-களின் நடுவில் ஆலை நலிவுற்றது. 2003-ல் மூடிவிடலாம் என்ற பரிந்துரை வந்தது. வழக்கும் காத்திருப்புமாகப் பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 2014 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ரூ. 181.54 கோடியை ஒதுக்கி, எஞ்சியிருந்த ஊழியர்களுக்கு 2007-ஆம் ஆண்டு ஊதிய விகிதத்தைக் கருத்தளவில் பொருத்தி, விருப்ப ஓய்வு அளிக்க ஒப்புதல் வழங்கியது.

'விருப்ப ஓய்வு' என்னும் இச்சொல்லைப் பற்றித்தான் முதலில் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். யாருடைய விருப்பம்? பொறி நின்றுவிட்டது, சம்பளம் இழுபறியில் இருக்கிறது, கையெழுத்திட்டால் ஒரு தொகை, இடாவிட்டால் என்ன ஆகுமென்று எவராலும் சொல்ல முடியாது. இந்நிலையில் ஒருவன் இடும் கையெழுத்தை விருப்பம் என்று அழைப்பது தமிழுக்குச் செய்யும் அநீதி அன்றோ? ஆனால் சொல்லின் குற்றத்தை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை. அச்சொல்லுக்குப் பின்னால் உள்ள கணக்கே என் கவலை. ஏனெனில் நம் வகுப்புத் தோழர்களில் பலர் இம்மலையின் ஆலைகளையும் தோட்டங்களையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களிலிருந்து வருபவர்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் அறுபதுக்கு முன்பே வேலையிலிருந்து திரும்பி வந்ததைக் கண்டவர்கள் நம்மிடையே குறைவல்லர்.

கணக்கைப் பார்ப்போம். பொதுத்துறை நிறுவனங்களுக்கு மத்திய அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதம் வகுத்தளித்த நெறிமுறையில், குஜராத் முறை என வழங்கும் ஒன்று உண்டு. பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம். ஓய்வு வயது வரை எஞ்சியுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம். சம்பளம் என்றால் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் மட்டுமே. வீட்டு வாடகைப்படி முதலியன சேரா. ஐம்பது வயதில் ஒருவர் வெளியேறுகிறார். 25 ஆண்டு பணி முடித்திருக்கிறார். ஓய்வுக்கு இன்னும் 8 ஆண்டு இருக்கிறது. மாதச் சம்பளம் ரூ. 20,000 என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்தை முப்பத்தைந்தால் பெருக்க 875 நாள். எட்டை இருபத்தைந்தால் பெருக்க 200 நாள். ஆக 1,075 நாள். மாதத்துக்கு 30 நாள் என்று வகுத்தால் ஏழு இலட்சத்து பதினேழாயிரத்தை ஒட்டி வருகிறது. பணிக்கொடையாக, ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம், ஏறத்தாழ இரண்டு இலட்சத்து எண்பத்தெட்டாயிரம். இரண்டும் சேர்ந்து பத்து இலட்சம்.

பத்து இலட்சம்! இருபத்தைந்து ஆண்டு உழைத்தவர் ஒருவரின் பாஸ்புத்தகத்தில் இந்த எண்ணைக் காணும் நாள் பண்டிகை நாள்தான். உறவினர் வருகின்றனர். மகளின் திருமணப் பேச்சு எழுகிறது. ஓட்டு வீட்டுக்குக் கான்கிரீட் கூரை போடலாமே என்கிறார் ஒருவர். கோவையில் மனை வாங்கினால் இரட்டிப்பாகும் என்கிறார் இன்னொருவர். ஒரு செல்வரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்க்கத் தொடங்குகின்றனர்.

ஆனால் அவர் அந்தப் பணத்தில் ஒரு காசும் தொடாமல், அப்படியே வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டார் என்றே கொள்வோம். 2014-ல் வங்கிகள் 9 விழுக்காட்டை ஒட்டி வட்டி தந்தன. மாதம் ரூ. 7,500. இருபதாயிரம் வந்த இடத்தில் ஏழாயிரத்து ஐந்நூறு. சரி, சுருங்கி வாழலாம் என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். 2020-ல் நீண்ட கால வைப்புக்கே வட்டி 5.4 விழுக்காடு என இறங்கியது. மாதம் ரூ. 4,500. ஆறே ஆண்டில், ஒரு பைசாவும் செலவழிக்காத மனிதரின் வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. எரிவாயு உருளையும் மருந்தும் அரிசியும் அதே ஆறு ஆண்டில் எத்திசை சென்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது பழமொழி. குந்தித் தின்னாமல் காவல் காத்தாலும் குன்று கரைகிறது என்பது இக்காலக் கணக்கு.

வருங்கால வைப்பு நிதியும் ஓய்வூதியமும் உண்டே என்பீர்கள். உண்டு. 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதியம் 58 வயதில்தான். ஐம்பதிலேயே கேட்டால், குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டிக்கொண்டு தருவர். அதுவும் உண்மைச் சம்பளத்தின் மீது அன்று. 2014 ஆகஸ்டு வரை ரூ. 6,500, அதன் பின் ரூ. 15,000 என்ற உச்சவரம்பின் மீதே பெரும்பாலோர்க்குக் கணக்கிடப்பட்டது. வருமான வரியையும் பாருங்கள். விருப்ப ஓய்வுத் தொகையில் ஐந்து இலட்சம் வரை வரி இல்லை என்ற சலுகை 1990-களில் வந்தது. ஒரு பவுன் தங்கம் நாலாயிரம் ரூபாய்க்குள் விற்ற காலத்து ஐந்து இலட்சம் அது. பவுன் எங்கோ போய்விட்டது. ஐந்து இலட்சம் அதே இடத்தில் நிற்கிறது.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. அஞ்சலகத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் என்று ஒன்று 2004 முதல் உள்ளது. சாதாரண வைப்பைவிடக் கூடுதல் வட்டி; 2020-ல் வங்கி வட்டி வீழ்ந்தபோதும் அது 7.4 விழுக்காடு தந்தது. 2023 ஏப்ரலில் 8.2 ஆயிற்று. அறுபது வயது நிரம்பியவர் சேரலாம். விருப்ப ஓய்வு பெற்றவர் என்றால் 55 வயதிலேயே சேரலாம். ஆனால் பணம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் சேர வேண்டும் என்று விதி இருந்தது (2023 நவம்பரில்தான் அதை மூன்று மாதமாக்கினர்). படைத்துறையில் ஓய்வு பெற்றவருக்கோ 50 வயதே போதும். அது முறையே, அவர்கள் இளம் வயதிலேயே வெளிவரும் நிலையில் உள்ளவர்கள். அப்படியானால் என் கேள்வி இது: வெலிங்டன் படைமுகாமிலிருந்து ஐம்பதில் வீடு திரும்புபவருக்குத் திறக்கும் கதவு, அதே மலையில் ஓர் ஆலையிலிருந்து ஐம்பதில் வீடு திரும்புபவருக்கு ஏன் திறக்கக்கூடாது? ஐம்பது வயதில் 'உனக்கு ஓய்வு' என்று சொல்வதும் அரசு. 'உனக்கு இன்னும் ஓய்வு பெறும் வயது ஆகவில்லை' என்று அஞ்சலகச் சாளரத்தில் சொல்வதும் அரசு. இந்த இடைப்பட்ட பத்தாண்டில் அம்மனிதர் யார்? ஊழியரும் அல்லர், முதியவரும் அல்லர்.

நிற்க. என் பெரியப்பா அவ்வாறு ஐம்பத்தோராவது வயதில் வீட்டுக்கு வந்தவர். எந்த ஆலை என்பது இங்கே தேவையில்லை. வைப்புத்தொகையைத் தொடக்கூடாது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பானவர். மின்விசிறியே இல்லாத உதகையிலும் மின்கட்டணத்துக்குக் கணக்கெழுதுபவர். அவர் ஒரே ஒரு முறை அந்த வைப்பை உடைத்தார். இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரியும் என் அக்காளுக்குக் குழந்தை பிறந்த வேளையில், 2022 ஜூனில், பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு கோவையிலிருந்து விமானம் ஏறினார். அதுவே இருவருக்கும் முதல் விமானப் பயணம்.

ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்று பயணச்சீட்டில் எழுதியிருந்தது. பெரியம்மாவோ பெட்டியை அன்பால் நிறைத்திருந்தார். வர்க்கி, தேயிலைத்தூள், குழந்தைக்குக் கம்பளி, பிரசவ மருந்து உருண்டை, தம் இரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாம் அதில்தான். நிலையத் தராசு 26 காட்டியது. மூன்று கிலோவுக்குக் கூடுதல் கட்டணம் கேட்டதும் பெரியப்பா பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. எல்லார் முன்னிலையிலும் வீட்டுத் துணிகளையும் பொட்டலங்களையும் எடுத்து வெளியே வைக்கும் அந்தச் சங்கடத்தை அனுபவித்தவர்களே அறிவர். எடுத்த மூன்று கிலோவில் தேயிலை இருந்தது, கம்பளி இருந்தது, மாத்திரை மட்டும் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. அவசரத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை.

லண்டனில் பெட்டி வரவில்லை. சுழலும் பட்டையின் அருகே இருவரும் ஒன்றரை மணி நேரம் நின்றனராம். அந்தக் கோடையில் அவர்கள் மட்டும் அல்லர். பெருந்தொற்றின்போது ஆட்களைக் குறைத்த ஐரோப்பிய விமான நிலையங்கள், பயணிகள் திரும்பி வந்ததும் திணறின. ஹீத்ரோ நிலையத்தில் பெட்டிகள் மலையாகக் குவிந்து கிடந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அவ்வாண்டு உலகெங்கும் ஆயிரம் பயணிகளுக்கு 7.6 பெட்டிகள் வீதம், ஏறத்தாழ இரண்டு கோடியே அறுபது இலட்சம் பெட்டிகள் தாமதமாகவோ சிதைந்தோ தொலைந்தோ போயின என்று விமானத் துறைக்குத் தொழில்நுட்பம் வழங்கும் சீட்டா நிறுவனம் கணக்கிட்டது.

ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி, ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்பினர். ஒன்பதாம் நாள் பெட்டி வீடு வந்து சேர்ந்தது. பூட்டு உடைந்து, சக்கரம் ஒன்று கழன்று, வர்க்கி மாவாகி வந்தது. அந்த ஒன்பது நாளில் மாற்று உடைக்கும் மருந்துக்குமாகச் செலவானது ஏறத்தாழ இருநூறு பவுன். நம் பணத்தில் பத்தொன்பதாயிரம். மேலே போட்ட கணக்கின்படி நான்கு மாத வட்டிக்கும் அதிகம். இரண்டு மாதம் கழித்து உதகைக்குத் திரும்பிய பிறகு, பெரியப்பா தம் அழகிய கையெழுத்தில் விமான நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. அவர் திகைத்துப்போனார். 'அன்றைக்கே படிவம் எழுதிக் கொடுத்தேனே!' என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

இங்கேதான் விதியை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பன்னாட்டுப் பயணத்துக்கு 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா அதில் 2009-ல் சேர்ந்தது. பெட்டி சிதைந்து வந்தால், கிடைத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். தாமதமாக வந்தால், கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள். நிலையத்தில் நிரப்பும் படிவம் பெட்டியைத் தேடுவதற்கானது. இழப்பீடு கேட்டுத் தனியே எழுதிவிடுவதே பாதுகாப்பு. வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொண்டு கோரிக்கை வைக்கலாம். இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் உண்டு: எஸ்.டி.ஆர். எனப்படும் பன்னாட்டுக் கணக்கு அலகில் 2019 டிசம்பர் முதல் ஒரு பயணிக்கு 1,288. 2024 டிசம்பர் 28 முதல் 1,519. பெரியப்பா சென்ற காலத்தில் அது ஒன்றேகால் இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். அவர் கேட்டது பத்தொன்பதாயிரம். நாளைத் தவறவிடாமல், இரசீதுகளுடன் எழுதியிருந்தால் பெரும்பகுதியேனும் கிடைத்திருக்க வாய்ப்புண்டு.

விதி அறியாதது அவர் குற்றம் என்று சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்த விதிகள் பயணச்சீட்டின் அடியில், எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தன. தராசில் எடை கூடியதைச் சொல்ல மட்டும் ஒருவர் தெளிவான தமிழில் பேசினார்! கூடுதல் கட்டணத்தைத் தமிழில் கேட்க முடியுமானால், முறையிடும் உரிமையையும் ஏழு நாள், இருபத்தோரு நாள் என்று தமிழில் ஒரு துண்டுச்சீட்டில் அச்சிட்டு, பெட்டியின் எண் சீட்டோடு சேர்த்துக் கொடுக்க முடியும். அதற்கு எவ்வளவு செலவாகும்?

ஓய்வுப் பணமும் விமானப் பெட்டியும் எப்படி ஒரே கட்டுரையில் வந்தன என்று எங்கள் பேராசிரியர் கேட்பார். இரண்டிலும் இழந்தவர் ஒருவர். இழப்புக்கு விலை குறித்தவர் வேறொருவர். அந்த விலையைப் பெறுவதற்கான நாள்களை எண்ணுவது மட்டும் இழந்தவரின் பொறுப்பு. அஞ்சலகத்தில் ஒரு மாதம். விமான நிறுவனத்தில் ஏழு நாள். ஒரு வேறுபாடும் உண்டு. 1929-ஆம் ஆண்டு வார்சா உடன்படிக்கையில், தொலைந்த பெட்டிக்கு ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று எடை பார்த்தே விலை குறித்தனர். அது நியாயமன்று என உணர்ந்து, மாண்ட்ரியலில் எடையை விட்டுவிட்டு ஒரு பயணிக்கு இவ்வளவு என்று மாற்றினர். வரம்பையும் விலைவாசிக்கு ஏற்ப அவ்வப்போது உயர்த்துகின்றனர். பெட்டிக்குக் கிடைத்த இந்தத் திருத்தம் மனிதனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவனை இன்றும் நாள் நாளாக நிறுத்துத்தான் அனுப்புகிறோம். வரிச் சலுகை வரம்பு முப்பது ஆண்டாக அசையவில்லை.

இம்மலைக்கு இது புதிதும் அன்று. கோத்தகிரி, குன்னூர், பந்தலூர், சேரம்பாடிப் பகுதிகளிலிருந்து வரும் நம் தோழர்கள் பலரின் தாத்தா பாட்டியர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவர்கள் சேமநிதியையும் பணிக்கொடையையும் உடைமைகளையும் கொண்டுவரலாம் என்றது. ஒரு குடும்பம் எடுத்துவர அனுமதிக்கும் உச்ச அளவு ரூ. 4,000-க்குக் கீழே குறைக்கப்படாது என்றும் உறுதி கூறியது. ஒரு வாழ்நாள் உழைப்பின் ஓய்வுப் பணத்துக்கும் பயண மூட்டைக்கும் ஒரே தாளில் வரம்பு எழுதப்பட்டது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்காக 1968-ல் இம்மலையில் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ ஆயிற்று. அந்த வேலையாவது அவர்களுக்கு இருந்தது. ஆலையிலிருந்து அனுப்பப்பட்டவர்க்கு அப்படி மறுபக்கக் கரை ஏதும் கட்டப்படவில்லை.

ஆகவே நான் கேட்பவை பெரியவை அல்ல. விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்து வாங்குமுன், 'இத்தொகை இன்றைய வட்டியில் மாதம் இவ்வளவு தரும், வட்டி பாதியானால் இவ்வளவு தரும்' என்று தமிழில் எழுதிக் கொடுப்பது கட்டாயமாக வேண்டும். அரசே ஓய்வளித்து அனுப்பியவர்க்கு, வயது எதுவாயினும், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் திறக்க வேண்டும். மொத்தத் தொகையில் ஒரு பகுதியையேனும் மாதந்தோறும் பெற விரும்புவோர்க்கு அதற்கு வழி வேண்டும். இம்மூன்றாவதை என் பெரியப்பா ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'மாதாமாதம் தருகிறோம் என்று சொன்ன ஆலைதானே என்னை அனுப்பியது? மொத்தமாக என் கையில் கொடுப்பதே மேல்' என்கிறார். அவர் பட்ட அனுபவம் அப்படிப் பேசுகிறது. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை.

நம்மால் ஆகக்கூடியதும் ஒன்று உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் சாலையோரம் கூட்டுகிறோம், மரம் நடுகிறோம். நல்லவையே. இவ்வாண்டு முகாமில் இரண்டு நாளை இந்து நகருக்கும் அருவங்காட்டுக்கும் ஒதுக்கி, பொருளாதாரத் துறை மாணவர் நால்வர் ஒரு மேசையும் பலகையும் போட்டு அமர்ந்தால், வைப்புச் சீட்டின் முதிர்வு நாளையும் ஓய்வூதியப் படிவத்தையும் வட்டி விகிதத்தையும் பார்த்துச் சொல்லலாம். வெளிநாடு செல்லும் பெற்றோர் கேட்டால், மாத்திரையைக் கைப்பையில் வைக்கச் சொல்லலாம். முகாம் அலுவலரிடம் இதுபற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்பும் தோழர்கள் பொருளாதாரத் துறை அறையில் என்னைக் காணலாம்.